ஜெர்மன் வெள்ளிக் கூடையும் மணமகள் கோப்பையும்: காலத்தைக் கணிப்பது எப்படி?

மைன்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஃபிராங்க்பர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஜெர்மானிய மூதாட்டி ஒருவர், வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வசிக்கப் புறப்பட்டபோது, தம் கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு பொருள்களை எனக்குக் கொடுத்தார். நம் ஊர்க் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனவை அல்ல இவை. இரண்டும் மெய்யான வெள்ளி என்று இங்குள்ள நகைக்கடையில் உரைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே உலோகத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. காலத்தைப் பற்றித்தான் ஐயம்.

முதலாவது, பழமோ ரொட்டியோ வைக்கும் நீள்வட்டக் கூடை. அதன் நீளம் 31 செ.மீ., எடை 412 கிராம். பக்கச் சுவர் முழுவதும் பின்னல் வடிவத்தில் துளைவேலை செய்யப்பட்டு, அதன்மேல் ரோஜாச் சரங்கள் தொங்குகின்றன. நடுவில் மரத்தடியில் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்க, சிறுவன் ஒருவன் குழலூத, இரண்டு ஆடுகள் படுத்திருக்கும் காட்சி புடைப்பாக அமைந்துள்ளது. அடிப்பக்கத்தில் பிறை, மகுடம், 800 என்ற எண் ஆகிய மூன்றும் வரிசையாகக் குத்தப்பட்டுள்ளன. சற்றுத் தள்ளி, பைன் மரத்தின் கூம்புக்காய் போன்ற சிறு முத்திரையும் மகுடம் சூடிய ஓர் எழுத்தும் தனியே காணப்படுகின்றன. 1760 அளவில் ஆக்ஸ்பர்க் நகரில் செய்யப்பட்டது என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இரண்டாவது, 19 செ.மீ. உயரமுள்ள, தங்கமுலாம் பூசிய கோப்பை. அகன்ற பாவாடை அணிந்த பெண்ணொருத்தி இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஒரு வளைவைப் பிடித்திருக்கிறாள். அந்த வளைவில் இரண்டு முளைகளுக்கிடையே ஒரு சிறு கிண்ணம் ஊசலாடுகிறது. பாவாடையின் விளிம்பில் வட்டத்துக்குள் ‘என்’ என்னும் இலத்தீன் எழுத்தும், தேய்ந்த இன்னொரு முத்திரையும், அவற்றை ஒட்டி நெளிநெளியான ஒரு கோடும் உள்ளன. எண் எதுவும் இல்லை. இது நியூரம்பெர்க்கில் 1600ஐ ஒட்டிச் செய்யப்பட்டதாம்.

இவை சொல்லப்படும் காலத்தவைதானா? இல்லையென்றால் போலிகள் என்று கொள்ள வேண்டுமா? எங்கள் வீட்டு வழக்கப்படி திருநீறு போட்டுத் தேய்த்துத் துலக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்திரைவாசகன்

வணக்கம். கூடையைப் பற்றி உறுதியாகவே சொல்லிவிடலாம். பிறையும் மகுடமும் சேர்ந்த முத்திரை, ஜெர்மன் பேரரசு உருவான பிறகு வந்த சட்டத்தின் விளைவு. தங்கம், வெள்ளிப் பொருள்களின் மாற்று, அதாவது தூய்மை அளவு குறித்த அச்சட்டம் 1884 ஜூலை 16ஆம் நாள் இயற்றப்பட்டு, 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளிக்குப் பிறையும் பேரரசின் மகுடமும், ஆயிரத்துக்கு 800 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றைக் காட்டும் எண்ணும் குத்த வேண்டும் என்பது விதி. எனவே உங்கள் கூடை 1760இல் பிறந்திருக்க வழியில்லை. 1888ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான் அது பட்டறையை விட்டு வெளியே வந்திருக்கிறது.

இந்த முத்திரை அரசு அலுவலர் சோதித்துக் குத்தியது அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலாந்தில் மதிப்பீட்டு அலுவலகம் ஒவ்வொரு பொருளையும் சோதித்து முத்திரையிடும். ஜெர்மனியிலோ செய்தவரே மாற்றுக்குப் பொறுப்பேற்றுத் தம் கையாலேயே முத்திரையிட்டார். அது தவறென்று தெரிந்தால் சட்டம் அவரைத் தண்டிக்கும். பிறை, மகுடம், எண் ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் நிறுவனத்தின் சொந்தக் குறியும் இருக்க வேண்டியது ஆகையால், ஒரு பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு கூடையின் அடிப்பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.

இனி அந்தப் பைன் கூம்பைப் பற்றி. ஆக்ஸ்பர்க் நகரின் சின்னமே பைன் கூம்புதான். அந்நகரின் வெள்ளிப் பொருள்களில் நகர முத்திரையாக அதுவே இடம்பெற்றது. நியூரம்பெர்க்கின் முத்திரை அந்நகரப் பெயரின் முதலெழுத்தான ‘என்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிராங்க்பர்ட்டுக்குக் கிழக்கே, மைன் ஆற்றங்கரையிலேயே உள்ள ஹனாவ் நகரத்துப் பட்டறைகள், இவ்விரு நகரங்களின் முத்திரைகளையும் பிரெஞ்சு முத்திரைகளையும் ஒத்த கற்பனைக் குறிகளைத் தம் பொருள்களில் தாராளமாகக் குத்தின. சில குறிகள் அசலை நெருங்கி வரும். பல, எந்த நகரத்துக்கும் சொந்தமில்லாத மகுடங்களும் எழுத்துகளும் மட்டுமே. உங்கள் கூடையில் சட்டப்படியான முத்திரையும் கற்பனை முத்திரையும் அருகருகே இருப்பது ஹனாவ் வேலையில் அடிக்கடி காணக்கூடிய சேர்க்கை.

மாற்றை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்க முடியாது. பழைய ஜெர்மன் கணக்கில் தூய வெள்ளி 16 லோட். ஆக்ஸ்பர்க்கில் வழங்கிய 13 லோட் வெள்ளி இன்றைய கணக்கில் ஆயிரத்துக்கு 812.5, நியூரம்பெர்க்கின் 14 லோட் 875. அதாவது பழைய ஆக்ஸ்பர்க் வெள்ளிக்கும் பின்னாளைய 800 வெள்ளிக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. உரைகல்லில் அது எளிதில் பிடிபடாது. நகைக்கடைக்காரர் சொன்னது உலோகத்துக்கு மட்டுமே சான்று.

கோப்பையில் எண் இல்லாததால் அதை இப்படிச் சட்டத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. அதற்குக் கைவேலை தெரிந்த ஒருவர் பதில் சொல்வதே பொருத்தம்.

பட்டறைப்பிள்ளை

நான் பத்தர் குடும்பத்தில் பிறந்தவன். ஐரோப்பிய வெள்ளியைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். முத்திரையைப் படிப்பதற்கு முன் பொருளைப் படிப்பது என் வழக்கம். முத்திரையை யாரும் குத்திவிடலாம். தகடு எப்படித் தட்டப்பட்டது, துண்டுகளை ஒட்டும் பற்றாசு எங்கே ஓடியது என்பவற்றைப் பொய்யாக்குவது அவ்வளவு எளிதன்று.

உங்களிடம் இருப்பது மணமகள் கோப்பை. அந்தப் பெண்ணைத் தலைகீழாகத் திருப்பினால் பாவாடை பெரிய கோப்பையாகிவிடும். ஊசலாடும் சிறு கிண்ணம் தானாகவே நிமிர்ந்து நிற்கும். இரண்டிலும் மதுவை நிரப்புவார்கள். மணமகன் பெரிய கோப்பையிலுள்ளதைக் குடித்து முடிக்கும்வரை சிறு கிண்ணத்திலிருந்து ஒரு துளியும் சிந்தக்கூடாது; அதன்பின் மணமகள் தன் பங்கைக் குடிப்பாள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஜெர்மன் நகரங்களில், குறிப்பாக நியூரம்பெர்க்கில், இவ்வகைக் கோப்பைகள் செய்யப்பட்டன. பின்னர் ஹனாவ் பட்டறைகள் பல அளவுகளில் இவற்றை மீண்டும் செய்து உலகெங்கும் அனுப்பின. இன்று சந்தைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பிற்காலத்து வேலைகளே.

நல்ல வெளிச்சத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். முதலில் பாவாடையின் உட்புறம். பழைய கோப்பையானால், தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி உயர்த்திய தடங்கள் உள்ளே மெல்லிய அலைகளாகத் தெரியும். சித்திரவேலையை உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கியிருப்பார்கள் என்பதால், இடப்பக்கத்துக் கொடியும் வலப்பக்கத்துக் கொடியும் ஒரே சாயலில் இருந்தாலும் அச்சு அசலாக ஒத்திருக்கா. எஃகு அச்சில் அழுத்திய தகடானால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அச்சிலிருந்து வந்தவையாக வரிக்கு வரி ஒத்துப்போகும். இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்த கோடு இரு பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாக ஓடும்.

அடுத்தது, உடலின் மேற்பகுதியையும் பாவாடையையும் இணைக்கும் திருகாணி. கையால் வெட்டிய மரையில், அதாவது திருகின் சுற்றுவரிகளில், இடைவெளிகள் சீராக இருப்பதில்லை. அதற்கேற்ற சுரையும் அந்த ஒரு திருகுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கும். இயந்திர மரை நூல் பிடித்தாற்போல் சீராக இருக்கும்.

மூன்றாவது, அந்த நெளிக்கோடு. மாற்றைச் சோதிக்கும் அதிகாரி, செதுக்குளியை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே முன்னே தள்ளி, சோதனைக்காகச் சிறிதளவு உலோகத்தைச் சுரண்டி எடுப்பார். அதன் தடமே அந்த நெளிவு. மெய்யான தடம் உலோகம் தோண்டப்பட்ட பள்ளமாக இருக்கும்; பார்வைக்காகக் கீறியது வெறும் கோடாக நிற்கும். ஆனால் பின்னாளையவர்கள் இதையும் அறிந்தே செய்தார்கள் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வழங்கிவிட வேண்டாம்.

முத்திரையின் ஓரத்தையும் கவனியுங்கள். குத்திய முத்திரையில் உலோகம் விலகி, விளிம்பு கூர்மையாக நிற்கும். பின்பக்கத்தில் சிறு புடைப்பும் தெரியும். பழைய கோப்பையொன்றை முத்திரையோடு சேர்த்து அச்செடுத்து வார்த்திருந்தால், எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பள்ளத்தினுள் வார்ப்புமணல் போன்ற சொரசொரப்பு இருக்கும்.

கருவூலம்

மேலே எழுதிய இருவரும் மிகுந்த பொறுமையோடு விளக்கியிருக்கிறார்கள். எனினும் ஒன்றைத் தெளிவாகவே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆக்ஸ்பர்க்கில் செய்யாத பொருளில் ஆக்ஸ்பர்க் கூம்பைக் குத்துவது வாங்குபவரை ஏமாற்றும் செயல். அதற்குக் கலைமரபு, மறுமலர்ச்சிப் பாணி என்றெல்லாம் பெயர் சூட்டினாலும் செயல் மாறிவிடாது. மைன்கரை அவர்களின் பக்கத்து வீட்டுக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூடையை 1760க்கு உரியது என்று நம்பி வந்ததே, அந்த முத்திரை எதற்காகக் குத்தப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

இதன் உச்சத்தை அறிய விரும்புவோர் ஆகன் நகரத்துப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸைப் பற்றிப் படிக்க வேண்டும். 1827இல் பிறந்து 1909இல் மறைந்த அவர், ஆகன் பேராலயத்தின் கருவூலத்துப் பொருள்களைச் செப்பனிட்டவர். மறுமலர்ச்சிக் காலத்தவை என்று தோன்றும்படி அவர் வடிவமைத்த நகைகளும் கலன்களும், பாரிஸ் வணிகர் ஃபிரெடெரிக் ஸ்பிட்சர் போன்றவர்களின் கைவழியாகப் பெரும் சேகரிப்புகளுக்குள் நுழைந்தன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிடந்த அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களை 1970களின் இறுதியில் அறிஞர்கள் பொருள்களோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இத்தாலிய மேதை செல்லினியின் படைப்பு என்று போற்றப்பட்டுவந்த ரோஸ்பிக்லியோசி கோப்பையும் அந்த ஒப்பீட்டில் சிக்கியது. அருங்காட்சியக வல்லுநர்களையே பல பத்தாண்டுகள் தடுமாற வைத்த ஒரு தொழிலை நாம் மென்மையான சொற்களால் வருணிக்கக் கூடாது.

மைன்கரை

மூவருக்கும் நன்றி. பட்டறைப்பிள்ளை அவர்கள் சொன்ன இடங்களையெல்லாம் பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். பாவாடையின் உட்புறம் வழவழப்பாக இருக்கிறது. சுத்தியல் தடம் ஏதும் தெரியவில்லை. முன்பக்கத்துப் பூக்கொடியில் மூன்றாவது இலையின் நுனி சற்றே மடங்கியிருக்கிறது. பின்பக்கத்திலும் அதே மூன்றாவது இலை, அதே அளவில் மடங்கியிருக்கிறது. பக்கவாட்டில் இணைப்புக் கோடு இருப்பது, முலாம் தேய்ந்த இடத்தில் மெல்லிய சாம்பல் நிறமாகத் தெரிகிறது. திருகாணியின் மரை முற்றிலும் சீரானது. நெளிக்கோட்டின்மேல் நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுப்படவில்லை. எழுத்து முத்திரை மட்டும் கூர்மையாகவே இருக்கிறது.

கூடையில் ரோஜாச் சரங்கள் ஆறும் ஒன்றுபோலவே உள்ளன. ஆனால் நடுவிலுள்ள காட்சியில் ஆட்டின் உரோமத்தையும் மரத்தின் இலைகளையும் யாரோ கையால் செதுக்கிச் செம்மைப்படுத்தியதுபோல் தெரிகிறது. அதைப் பார்த்தபின், ஏமாற்று என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்க எனக்கு மனம் வரவில்லை. கருவூலம் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பழங்கலன்

பொறுத்துக்கொள்வதற்கு இதில் ஒன்றுமில்லை. உங்கள் தயக்கம் நியாயமானது. வாஸ்டர்ஸையும் ஹனாவ் பட்டறைகளையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் ஏன் தங்கள் முன்னோரின் வெள்ளியை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளிக் கலன் என்பது எப்போதும் உருக்கக் காத்திருக்கும் பணம். போர் வந்தால் அரண்மனை மேசையிலிருந்து அது நேரே நாணயச் சாலைக்குப் போகும். பெர்லின் அரண்மனையின் மாவீரர் மண்டபத்தில் இசைவாணர்கள் நிற்பதற்கென்று வெள்ளியால் செய்த மாடம் ஒன்று இருந்தது. இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் 1745இல் போர்ச் செலவுக்காக அதை உருக்கிவிட்டு, அதன் இடத்தில் வெள்ளிப்பூச்சுப் பூசிய மரமாடத்தை வைத்தார். நெப்போலியன் காலத்துப் போர்களும், 1803இல் திருச்சபைச் சொத்துகள் அரசுகளின் கைக்குப் போனதும் எஞ்சியவற்றில் பெரும்பகுதியை விழுங்கின. ஆக, பழைய வெள்ளியின்மீது மக்களுக்கு ஆசை பிறந்த காலத்தில் பழைய வெள்ளி அரிதாகிவிட்டது. நியூரம்பெர்க்கில் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகம் 1852இலும், பெர்லினில் கைவினைக் கலை அருங்காட்சியகம் 1867இலும் தொடங்கப்பட்டன. லூனபுர்க் நகர மன்றம் பல தலைமுறைகளாகக் காத்துவந்த வெள்ளிக் கருவூலத்தைப் பிரஷ்ய அரசு 1874இல் விலைக்கு வாங்கிப் பெர்லினுக்குக் கொண்டு சென்றது. லூனபுர்க் நகர மண்டபத்தில் இன்று இருப்பவை மின்படிவு முறையில் செய்த படிகள். வென்செல் யாம்னிட்சர் என்ற நியூரம்பெர்க் மேதை 1549இல் செய்த, மெர்கல் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் மேசை நடுக்கலன் 1880இல் ஃபிராங்க்பர்ட்டின் ரோத்ஸ்சைல்டு குடும்பத்துக்கு விற்கப்பட்டது. இன்று அது ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லிகளையும் புல்லிதழ்களையும் இயற்கையிலிருந்தே நேரடியாக அச்செடுத்து வெள்ளியில் வார்த்தவர் யாம்னிட்சர். அவர் கைபட்ட பொருளை வாங்க ரோத்ஸ்சைல்டுகளால் முடிந்தது; வழக்கறிஞரோ ஆலை முதலாளியோ அதன் சாயலில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

1871இல் பேரரசு உருவானதும் இந்த ஆசைக்குத் தேசிய உணர்வும் சேர்ந்துகொண்டது. 1876இல் மியூனிக்கின் கண்ணாடி மாளிகையில் நடந்த கலை, கைவினைக் கண்காட்சியில் ‘நம் தந்தையர் வேலைகள்’ என்ற தலைப்பில் பழைய கைவினைப் பொருள்களைக் குவித்துக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து, கருவாலி மரப் பலகை பதித்த சுவர்களும் கனத்த அலமாரிகளுமாகப் பழஞ்ஜெர்மன் பாணி உணவறை வசதி படைத்த வீடுகளில் பரவியது. அந்த அலமாரித் தட்டுகளில் வரிசையாக நிறுத்த உயர்ந்த மூடியிட்ட கோப்பைகளும், மணமகள் கோப்பைகளும், சக்கரம் வைத்த வெள்ளிக் கப்பல்களும் வேண்டியிருந்தன. முதலில் மறுமலர்ச்சிக் காலப் பாணி, அடுத்து பரோக், 1880களிலிருந்து சிப்பி வளைவுகள் நிறைந்த ரொக்கோக்கோ. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் தம் லிண்டர்ஹோஃப் அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் காலத்தை உயிர்ப்பிக்க முயன்றதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

படி எடுப்பதை அக்காலம் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு ஹில்டஸ்ஹைம் புதையல் நல்ல சான்று. 1868இல் அந்நகருக்கு அருகே படைவீரர்கள் மண்ணைத் தோண்டியபோது உரோமானிய வெள்ளிக் கலன்கள் ஏறத்தாழ எழுபது கிடைத்தன. அவற்றின் படிகளைப் பாரிஸின் கிறிஸ்டோஃப்ல் நிறுவனம் வெளிப்படையாகவே செய்து விற்றது. அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் இத்தகைய படிகளைக் கற்பிப்பதற்காகவே வாங்கின.

ஹனாவின் கதையையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1597இல் மதக் கொடுமைக்குத் தப்பி வந்த வாலூன், டச்சு அகதிகளுக்காக அந்நகரின் புதிய பகுதி நிறுவப்பட்டது. நுண்கைவினைகள் அவர்களோடு வந்தன. 1772இல் அங்கே தொடங்கப்பட்ட ஓவியக் கலைக்கூடம் இன்றும் பொற்கொல்லர்களைப் பயிற்றுவிக்கிறது. 1817இல் தோன்றிய ஷ்லைஸ்னர் பட்டறையும், 1890இல் தொடங்கிய நெரெஸ்ஹைமர் பட்டறையும் பழம்பாணி வெள்ளியில் பெரும் பெயர் பெற்றவை. பாய்களும் கயிற்றேணிகளும், அவற்றில் ஏறும் விரல்நுனி அளவு மாலுமிகளும் கொண்ட நெரெஸ்ஹைமர் கப்பல்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால், வார்ப்பவரும் செதுக்குபவரும் பூட்டுபவரும் எத்தனை பேர் அதற்காக உழைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். இவை இங்கிலாந்துக்கும் ஏராளமாகச் சென்றன. லண்டனில் பெர்த்தோல்ட் முல்லர் என்ற இறக்குமதியாளர் செஸ்டர் நகர மதிப்பீட்டு அலுவலகத்தில் பதிவு செய்து முத்திரை பெற்றார். அங்கே 925 மாற்று இல்லாமல் வெள்ளி என்று விற்க முடியாது என்பதால், அந்தச் சந்தைக்கான பொருள்களை அவர்கள் அந்த மாற்றிலேயே செய்தார்கள். செஸ்டரின் முத்திரையையும் முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்தையும் வெளிப்படையாகத் தாங்கி, புதிய பொருளென்று அறிவித்துக்கொண்டு விற்கப்பட்ட ஒன்றை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது?

மைன்கரை அவர்களின் கூடையிலும் பிறையும் மகுடமும் 800ம் கற்பனைக் கூம்புக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. அன்று கடையில் வாங்கியவருக்கு அது புதியது என்பது தெரிந்தே இருக்கும். நினைவு மங்கியது பேரப்பிள்ளைகள் காலத்தில். வாஸ்டர்ஸ் – ஸ்பிட்சர் தொழிலில் புதியது என்ற தகவலே மறைக்கப்பட்டது. அங்கே கருவூலம் அவர்களின் சினத்தில் நானும் பங்குகொள்கிறேன். கற்பனை முத்திரைகள் பின்னாளில் நேர்மையற்ற வணிகர்களுக்கு வசதியாகிப் போனதையும் மறுக்க மாட்டேன்.

கூடையின் வடிவமே தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து. இடையர்களும் குழலூதும் சிறுவனும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பிரெஞ்சு ஓவியங்களிலிருந்து வருபவர்கள். சீரான இடைவெளியில் தொங்கும் ரோஜாச் சரமோ பதினாறாம் லூயி காலத்து ரசனை. 1760இல் ஆக்ஸ்பர்க்கில் இருந்த ஒருவர் தம் காலத்துச் சிப்பி வளைவுகளையே கையாண்டிருப்பார்; இரண்டு தலைமுறைகளின் ரசனையைத் தூரத்திலிருந்து பார்த்து, பிடித்தவற்றையெல்லாம் ஒரே கூடையில் சேர்ப்பவர் 1890இல் வாழ்பவர். அந்தச் சேர்க்கையில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதை ரசிக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் சான்றிதழ் எதற்கு?

கருவூலம்

செஸ்டர் முத்திரை பெற்றவற்றைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இந்தக் கோப்பையில் எண்ணும் இல்லை, பிறையும் இல்லை. ‘என்’ எழுத்தும் பொய்யான நெளிக்கோடும் மட்டுமே உள்ளன. 1888க்குப் பிறகு செய்யப்பட்டதானால், சட்டப்படியான முத்திரையை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கூடைக்கு நீங்கள் தரும் மதிப்பைக் கோப்பைக்கும் தர நான் ஆயத்தமாக இல்லை.

பட்டறைப்பிள்ளை

கோப்பை 1888க்கு முன்பே செய்யப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஷ்லைஸ்னர் போன்றோர் பழம்பாணி வேலையைச் சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். மடங்கிய இலை இருபுறமும் ஒரே இடத்தில் இருப்பதும், பக்கவாட்டு இணைப்பும், இயந்திர மரையும் சேர்ந்து, இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது என்று உறுதியாகவே காட்டுகின்றன. 1600 என்ற பேச்சுக்கு இடமில்லை. அதற்குமேல் பட்டறையின் பெயரைச் சொல்வதற்குத் தேய்ந்த இரண்டாவது முத்திரையை நேரில் பார்க்க வேண்டும்.

முலாத்தையும் பாருங்கள். பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி நெருப்பில் காட்டும் பழைய முறையில், தங்கம் தடித்து, வெதுவெதுப்பான நிறத்தோடு படியும். விலை உயர்ந்தது என்பதால் கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கே பெரும்பாலும் செலவழிப்பார்கள். மின்முறையில் தொட்டிக்குள் மூழ்கும் பொருளில் சந்து பொந்தெல்லாம் மெல்லிய முலாம் ஒரே சீராக ஏறும். இணைப்புக் கோடு வெளித்தெரியும் அளவுக்கு உங்கள் கோப்பையில் முலாம் தேய்ந்திருப்பது, அது மெல்லியது என்பதையே காட்டுகிறது.

ஆகையால் திருநீறு கூடவே கூடாது. பல்பொடியும் கூடாது. நம் வீட்டுக் குத்துவிளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் அது பழகிய முறைதான். அவை தடித்தவை, பெரும்பாலும் வழவழப்பானவை. இங்கோ ஒவ்வொரு தேய்ப்பும் ஆட்டின் உரோமத்திலிருந்தும் பெண்ணின் முகத்திலிருந்தும் ஒரு படலத்தை எடுத்துக்கொண்டு போகும். கோப்பையில் முலாமே போய்விடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் மூழ்க வைக்கும் முறையும் வேண்டாம். கூடையின் பள்ளங்களில் இருக்கும் கருமை, உருவங்கள் எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்தவர்களே ஏற்றியதாக இருக்கலாம்; அந்தத் தொட்டியில் அது முழுவதும் கரைந்து, காட்சி தட்டையாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான பாத்திரச் சோப்பு, மிருதுவான துணி, உடனே ஈரம் போகத் துடைத்தல், இவ்வளவு போதும். மேட்டுப் பகுதிகள் மிகவும் கறுத்தால் மட்டும், வெள்ளிக்கென்று விற்கும் துணியால் அவ்விடத்தை மெதுவாக ஒற்றி எடுங்கள்.

கூடையில் பழம் வைக்கலாம். அடியில் துணி விரித்தால் நல்லது. உப்பும் முட்டையும் வெள்ளிக்கு ஆகா. பழைய உப்புக் கிண்ணங்களின் உட்புறத்துக்குத் தங்கமுலாம் பூசியதும் இதனால்தான். எடுத்து வைக்கும்போது அமிலமில்லாத தாளில் சுற்றுங்கள். ரப்பர் பட்டையோ கம்பளித் துணியோ பக்கத்தில் இருந்தால் அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

மைன்கரை

மிக்க நன்றி. அமிலமில்லாத தாள் வாங்கிவிட்டேன். கூடையை உருக்கும் விலைக்கு மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். விற்கும் எண்ணம் இல்லை என்றாலும், அதுதான் அதன் உண்மையான மதிப்பா என்று அறிய விரும்புகிறேன். காப்பீட்டுப் படிவத்தில் இவ்விரண்டையும் எப்படி விவரிப்பது என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

முத்திரைவாசகன்

412 கிராமை 800 மாற்றில் கணக்கிட்டால் ஏறத்தாழ 330 கிராம் தூய வெள்ளி. உருக்குபவர் அந்த 330 கிராமுக்குத்தான் விலை சொல்வார். வேலைப்பாட்டுக்கு அவர் கணக்கில் இடமில்லை. ஹனாவ் துளைவேலைக் கூடைகள் ஏல விற்பனைகளில் அடிக்கடி வருபவை ஆகையால் அரும்பொருள் விலை கிடைக்காது. ஆனாலும் நல்ல நிலையில் இருப்பவை உலோக மதிப்பைவிடக் கூடுதலாகவே போகின்றன. மணமகள் கோப்பைகளுக்கு எப்போதும் தனி விருப்பம் உண்டு.

படிவத்தில் கூடைக்கு இப்படி எழுதலாம்: “நீள்வட்டத் துளைவேலைக் கூடை, 800 வெள்ளி, ரொக்கோக்கோவை மீண்டும் பின்பற்றிய பாணி, ஹனாவ் வேலையாக இருக்கக்கூடும், 1888க்குப் பிந்தியது, கற்பனை முத்திரைகளுடன்.” கோப்பைக்கு: “மணமகள் கோப்பை, வெள்ளி, தங்கமுலாம், நியூரம்பெர்க் மாதிரியைப் பின்பற்றியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது.” எடை, அளவு, முத்திரைகளின் அண்மைப் படங்கள் ஆகியவற்றையும் இணைத்துவிடுங்கள். 1760, 1600 என்ற குடும்பச் செய்திகளைத் தனியே, குடும்பச் செய்தி என்றே குறித்து வைக்கலாம். அவற்றை அழிக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஃபிராங்க்பர்ட்டிலேயே இருப்பதால் ஹனாவுக்குச் செல்வது எளிது. 1530களில் கட்டப்பட்ட பழைய நகர மண்டபத்தில்தான் ஜெர்மானியப் பொற்கொல்லர் இல்லம் இயங்குகிறது. 1945 மார்ச் 19ஆம் நாள் குண்டுவீச்சில் நகரம் அழிந்தபோது அதுவும் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. போகும்போது கோப்பையின் தேய்ந்த முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், மூன்று நான்கு கோணங்களில் படமெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை இங்கும் ஏற்றினால் பட்டறையின் பெயரைத் தேடிப் பார்க்கிறேன்.